பிராக்டீஸ், ஸ்டூடியோ, பிளாட்பாரம்: சென்னையில் மூன்றையும் சேர்த்துச் செய்ய என்ன வழி?

கோட்டுச்சுவர் கேட்டது:

வணக்கம். பி.ஆர்க். (கட்டடக்கலை) முடிச்சு, கட்டடக்கலைக் கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்து ஆறு வருஷம் ஆகுது. இதுவரை அடுக்குமாடிக் குடியிருப்பு வேலைதான்: சிஎம்டிஏ (பெருநகர வளர்ச்சிக் குழுமம்) பிளான், ஒர்க்கிங் டிராயிங், சைட். அடுத்த வருஷம் சொந்தமா சின்ன ஆபீஸ் ஆரம்பிக்கப் போறேன். கூடவே வாரத்தில் இரண்டு நாள் ஒரு கல்லூரியில் விசிட்டிங் ஃபேகல்டி. இதோட தெரு, நடைபாதை, சின்னப் பூங்கா மாதிரி பொது இட வேலைக்கும் வரணும்னு ஆசை.

மூணு சந்தேகம். டெண்டர்ல மூணு வருஷ டர்ன்ஓவர் கேக்கறாங்க, புது ஆபீஸ் உள்ளே நுழைவது எப்படி? மாணவர்களை இலவச வேலைக்காரங்களா ஆக்காம டிசைன் வகுப்பான ஸ்டூடியோவைத் தெரு வேலையோட இணைக்க முடியுமா? கட்டடம் மட்டுமே பண்ணிப் பழகினவங்க தெருவில் வழக்கமா எங்கே கோட்டை விடறாங்க? எம்.ஆர்க். இல்லாம காலம் தள்ளலாமான்னும் சொல்லுங்க.

---

மூன்றாம்தளம் பதில்:

முதலில் காலண்டரை விரித்து வையுங்கள். சென்னையில் இந்த மூன்றும் மோதிக்கொள்வது மாதக் கணக்கில்தான். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கும். அந்த நாட்களில் ரோடு கட் அனுமதி கிடைக்காது. ஆக, தோண்டும் வேலை எல்லாம் ஜனவரி முதல் செப்டம்பருக்குள். அதிலும் மார்ச் 31க்குள் பில் போட வேண்டும் என்று பிப்ரவரியிலிருந்தே கான்ட்ராக்டர் வேகமெடுப்பார். பத்தாவது செமஸ்டர் தீசிஸ் ரிவ்யூக்களும் அதே ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். இரண்டையும் எடுத்தால் ஒன்று கெடும், பெரும்பாலும் சைட்தான் கெடும். முதல் இரண்டு வருடம் ஜூலையில் தொடங்கும் ஆட் (ஒற்றைப்படை) செமஸ்டர் ஸ்டூடியோவை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். தீசிஸ் கைடு பொறுப்பு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டெண்டர் விஷயம். இரண்டு கவர் முறை, தகுதிக்கு ஒன்று, விலைக்கு ஒன்று; டெக்னிக்கல் கவரில் டர்ன்ஓவரும் அதே மாதிரி முடித்த வேலையும் கேட்பார்கள். புது ஆபீஸ் நேராகப் போய் நிற்க முடியாது. இரண்டு வழி உண்டு.

ஒன்று, பெரிய இன்ஜினியரிங் கன்சல்டன்ட்டுக்குக் கீழே சப்-கன்சல்டன்ட். இதில் ஒப்பந்தத்தின் ஒரே ஒரு வரியைக் கவனியுங்கள்: "எங்களுக்குப் பணம் வந்தபின் உங்களுக்கு" என்று போட்டிருப்பார்கள். அதை அப்படியே ஏற்க வேண்டாம். "எங்களுக்குப் பணம் வந்ததும் அல்லது டிராயிங் ஒப்புதலிலிருந்து 60 நாள், எது முன்போ அது" என்று எழுதி வாங்குங்கள். எத்தனை ரிவிஷன், எத்தனை சைட் விசிட் என்பதையும் எண்ணாகவே எழுதுங்கள். ஜிஎஸ்டி 18%. முறையான இன்வாய்ஸ் போட்ட மாதமே வரி உங்கள் தலையில் விழும், பணம் வந்ததா என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒப்புதல் கைக்கு வரும்வரை புரோஃபார்மா (வரிக்கணக்கில் சேராத முன்பில்) மட்டும் அனுப்புங்கள்.

இரண்டாவது வழி உங்கள் கையிலேயே இருக்கிறது, பலர் அதைப் பார்ப்பதில்லை. 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் 10% இடம் ஓஎஸ்ஆர், அதாவது பொதுவுக்கு ஒதுக்கும் திறந்தவெளி. 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணம் கட்டித் தப்பிக்க முடியாது, நிலத்தையே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். அடுக்குமாடி புரமோட்டர்கள் ஏற்கெனவே உங்கள் கிளையன்ட். அவர்கள் அந்த இடத்தை ஒரு காம்பவுண்டு சுவரும் கேட்டும் போட்டு ஒப்படைத்துவிடுவார்கள், பிறகு அது பூட்டியே கிடக்கும். அதைப் பூங்காவாக வரைந்து, செலவுக் கணக்கோடு கொடுங்கள். தெருவைப் பார்த்த பக்கம் சுவருக்குப் பதில் 450 மிமீ உயரத்தில் உட்காரும் திண்டு, இரண்டு வாசல், மழைநீர் இறங்கும் பள்ளத் தோட்டம், பராமரிக்க ஒரு ஆள் போதும் என்ற அளவில் செடி. இப்படி இரண்டு முடித்தால் "அதே மாதிரி வேலை" என்ற கட்டத்தில் எழுத உங்களிடம் ஏதோ இருக்கும்.

எம்.ஆர்க். பற்றி: விசிட்டிங் வகுப்புக்கு பி.ஆர்க்., ரெஜிஸ்ட்ரேஷன், அனுபவம் போதும். உதவிப் பேராசிரியர் நிரந்தரப் பணிக்கு எம்.ஆர்க். வேண்டும். அப்படிச் சேர்ந்தால், தனி பிராக்டீஸுக்கு அனுமதி உண்டா என்று நியமன ஆணையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

---

தரைமட்டம் பதில்:

மூணாவது கேள்விக்கு என் பதில் ஒரே வார்த்தை: லெவல்.

கட்டடத்துக்கு ±0.00, அதாவது அடிப்படை மட்டம், நாம வைக்கறது. தெருவில் அது நம்ம கையில் இல்ல. ரோடு லெவல் ஒருத்தர், மழைநீர் வடிகால் ஒருத்தர், வீட்டு கேட் லெவல் ஐம்பது பேர். பிளான்ல அழகா மூணு பட்டையா வரைஞ்சுட்டு, குறுக்குவெட்டு, அதாவது செக்‌ஷன் ஒண்ணே ஒண்ணு "டிபிக்கல்" (எல்லா இடத்துக்கும் இதே)னு போடறதுதான் எல்லாத் தப்புக்கும் ஆரம்பம்.

கணக்கு பாருங்க. 400 மீட்டர் தெரு, வடிகாலுக்கு 1:500 சரிவு வேணும்னா மொத்தம் 800 மிமீ இறக்கம். சென்னை தட்டை. தெரு தானா அவ்வளவு இறங்காது. அதனால ஒரு முனையில வடிகால் ஆழமாகணும், இல்லாட்டி மறுமுனையில வடிகால் மூடி ஸ்லாப் மேல ஏறணும். ஆழத்துல மெட்ரோ வாட்டர் குழாய் குறுக்கே கிடந்தா ஏறுவது ஸ்லாப்தான். அந்த ஸ்லாப்தான் கடைசியில நடைபாதை. 300, 400 மிமீ உயரத்துல வயசானவங்க ஏற முடியாது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் கேட் முன்னாடி ரோட்டுக்குள்ள ஒரு மீட்டர் நீட்டி சிமென்ட் சாய்வு போடுவார். ரெண்டு சாய்வுக்கு நடுவுல பைக் நிக்கும். ஜனம் ரோட்டுல நடக்கும். இந்திய சாலை காங்கிரஸோட நடைபாதை வழிகாட்டி ஐஆர்சி 103, கர்ப் (நடைபாதை ஓரக்கல்) உயரம் அதிகபட்சம் 150 மிமீன்னு சொல்றது சும்மா இல்ல.

அதனால வடிகாலோட நீளவெட்டு டிராயிங் கைக்கு வராம நடைபாதை டிராயிங்கைத் தொடாதீங்க. ஸ்லாப் உயரும்னு தெரிஞ்சா வடிகாலை நடைபாதைக்கு அடியிலிருந்து எடுத்து, பார்க்கிங் பட்டைக்கு அடியில கனமான மூடியோட வைக்க முடியுமான்னு அந்த இன்ஜினியரோட உக்காந்து பேசுங்க. டெண்டர் போனப்புறம் யாரும் மாத்த மாட்டாங்க.

கேட் முன்னாடி நடைபாதை இறங்கக் கூடாது, வண்டிதான் ஏறணும். கர்ப் ஓரமா மரம், விளக்கு இருக்கிற பட்டைக்குள்ளேயே 900 மிமீ நீளத்துல சாய்வை முடிச்சிடலாம். 150 உயரத்துக்கு அது 1:6, காருக்குத் தாராளம். சக்கர நாற்காலிக்கு 1:12 கணக்கு, அதாவது 1.8 மீட்டர், தெரு முனையில தனியா. முடிஞ்ச இடத்துல குறுக்குத் தெரு வாயையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திடுங்க, சாய்வே வேண்டாம்.

கல்லு விஷயம்: நடக்கிற இடத்துல 60 மிமீ பேவர், வண்டி ஏறும் இடத்துல 80. மணல் படுக்கை 30 மிமீ சுத்தி. தரை மேடுபள்ளத்தை மணலை வெச்சே சரிக்கட்டுவாங்க, 80, 100னு போகும், மூணு மாசத்துல அங்க குழி. ரெண்டு ஓரமும் கர்ப் இறுகலா நிக்கலைன்னா பேவர் பக்கவாட்டுல நகர்ந்து இடைவெளி விடும். கேபிள் பள்ளத்தை 150 மிமீ அடுக்கா நிரப்பி ஒவ்வொண்ணையும் இடிச்சு மூடணும். ஒரே தடவையா மண்ணைத் தள்ளி மூடினா முதல் மழைக்கே அந்தக் கோடு அப்படியே கீழ இறங்கும். தி.நகர், அண்ணா நகர் பக்கம் களிமண், வெயில்ல சுருங்கி மழையில ஊதும். அங்க தோண்டின மண்ணையே திரும்பப் போடாதீங்க, குவாரி டஸ்ட் போடச் சொல்லி எஸ்டிமேட்லயே சேர்த்துடுங்க.

வரையறதுக்கு முன்னாடி சோதனைக் குழி. 1 மீட்டருக்கு 1 மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம், 50 மீட்டருக்கு ஒண்ணு, எல்லா முனையிலும் ஒண்ணு, கையால தோண்டி. இபி கேபிள் சில இடத்துல 300 மிமீ ஆழத்திலேயே கிடக்கும். பில்லர் பாக்ஸை (தெருவோர மின்பெட்டியை) நகர்த்தணும்னா அது டெபாசிட் வேலை: இபி எஸ்டிமேட் கொடுக்கணும், பணம் கட்டணும், அப்புறம்தான் ஆள் வரும். மாசக்கணக்குல ஆகும். நகராதுன்னு வெச்சு டிசைன் பண்ணுங்க, கதவு திறக்க முன்னாடி ஒரு மீட்டர் விடுங்க.

போலார்டு, அதாவது வண்டி நுழையாம தடுக்கிற குட்டைத் தூண் பத்தி ஒண்ணு. சக்கர நாற்காலிக்கு இடைவெளி 1.2 மீட்டர் விடச் சொல்றாங்க. அதுல பைக் தாராளமா போகும். 900க்குக் குறைச்சாலும் பைக் போகும், நாற்காலிதான் திணறும். ரெண்டையும் பிரிக்கிற ஒரு அளவு கிடையவே கிடையாது. பைக்கை நிறுத்தணும்னா அதுக்கு நிக்க இடம் வரைஞ்சு கொடுங்க.

---

கோட்டுச்சுவர்:

மூன்றாம்தளம் சார், தரைமட்டம் அண்ணா, ரொம்ப நன்றி. ஓஎஸ்ஆர் யோசிக்கவே இல்லை. கேட் லெவல், ரோடு லெவல் இதெல்லாம் டோட்டல் ஸ்டேஷன் (அளவைக் கருவி) சர்வேயர்தான் எடுக்கணுமா? மாணவர்கள் எடுத்தா நம்பலாமா?

---

நான்காம்ஆண்டு பதில்:

எடுக்கலாம், நம்பலாம், ஆனால் அந்த அளவை வைத்து டெண்டர் டிராயிங் போடக் கூடாது. அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் ஸ்டூடியோவுக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது.

நடைமுறை இப்படி. மூன்று பேருக்கு 100 மீட்டர். 30 மீட்டர் டேப், 5 மீட்டர் டேப், ஒரு ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி), ஒரு ஸ்டாஃப் (அளவுக்கோல்). ஆட்டோ லெவல் இல்லையென்றால் மேஸ்திரி கையில் இருக்கும் டியூப் லெவலே (தண்ணீர் நிரப்பிய குழாய்) போதும். குழாய்க்குள் காற்றுக்குமிழி நிற்காமல் பார்த்துக்கொண்டால் சில மில்லிமீட்டருக்குள் சரியாக வரும். பத்து மீட்டருக்கு ஒரு வரிசை: ரோட்டு நடு, ரோட்டு ஓரம், கர்ப் மேல், நடைபாதை, கேட் படி. ஐந்து புள்ளி. ஆரம்பித்த இடத்துக்கே திரும்பி வந்து, முதல் அளவும் கடைசி அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து லெவலை மூட வேண்டும், மூடாத அளவு அளவே அல்ல. 1:200ல் பிளான், 20 மீட்டருக்கு ஒன்றாக 1:50ல் செக்‌ஷன். ஒரு தெருவில் இருபது செக்‌ஷனை வரிசையாகச் சுவரில் ஒட்டிய அன்றுதான் "டிபிக்கல்" என்ற சொல் மாணவர் வாயிலிருந்து போகும்.

அடுத்து எண்ணிக்கை. கோபன்ஹேகனில் ஸ்ட்ரோகெட் தெரு 1962ல் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆனபின், ஆர்க்கிடெக்சர் பள்ளியில் ஆசிரியராக இருந்த யான் கேல் அங்கே செய்தது இதைத்தான்: எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை பேர் நிற்கிறார்கள், உட்காருகிறார்கள் என்று வருடக்கணக்கில் எண்ணினார். அவர் பெயரில் ஆலோசனை அலுவலகம் வந்தது 2000ல். முதலில் வகுப்பறையும் எண்ணிக்கையும், அலுவலகம் அதற்குப் பல ஆண்டு கழித்து. பாடமும் பொது இடமும் ஒட்டுவது இந்த இடத்தில்தான்.

இங்கே செய்ய: தெருவுக்குக் குறுக்கே ஒரு கற்பனைக் கோடு, அதைத் தாண்டுபவர்களை மணிக்குப் பத்து நிமிடம் எண்ணி ஆறால் பெருக்குங்கள். ஒரு வேலைநாள், ஒரு சனிக்கிழமை. காலை 8 முதல் 10, மாலை 5 முதல் 8. நடைபாதையில் போகிறவர், ரோட்டில் நடக்கிறவர் என்று இரண்டு தனிப் பத்தி. இந்தப் பிரிவு இல்லாத எண்ணிக்கையால் பயனில்லை, ஏனென்றால் ரோட்டில் நடக்கிறவர்தான் உங்கள் வாதம். நிற்பவர், உட்காருபவர், விற்பவர், பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் பிளான் மேலேயே புள்ளியாகக் குறியுங்கள். ஐஆர்சி 103ல் இருதிசைக்கும் சேர்த்து மணிக்கு 800 பேர் என்றால் 1.8 மீட்டர், 1,600 பேர் என்றால் 2.5 மீட்டர் தடையில்லாத அகலம். உங்கள் எண்ணைப் பக்கத்தில் வைத்தால் அகலம் கேட்பது ஆசையாக இல்லாமல் கணக்காக நிற்கும். 2014ல் மாநகராட்சி ஏற்ற மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கையையும் அந்தக் குறிப்பில் சேர்த்தால் மண்டல அலுவலகத்தில் பேச்சு எளிதாகும்.

சுரண்டல் பற்றிக் கேட்டது மிக முக்கியம். உங்கள் ஆபீஸுக்கு ஒப்பந்தம் நடக்கும் தெருவை அதே செமஸ்டரில் மதிப்பெண்ணுக்கான பயிற்சியாகக் கொடுக்காதீர்கள். மாணவர் அளவைப் பிறகு எங்கே பயன்படுத்தினாலும் தாளில் அவர்கள் பெயர் இருக்க வேண்டும். ஆபீஸுக்கு உழைப்பு வேண்டுமென்றால் இன்டர்ன்ஷிப்பில் எடுத்துச் சம்பளம் கொடுங்கள். சர்வேயருக்குக் கொடுக்க வேண்டிய காசை மிச்சம் பிடிக்க ஸ்டூடியோவைத் திருப்புவது தவறு, அதை அந்தப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள்.

தெருவைத் தேர்வது பாதி பாடம். மயிலாப்பூர் மாட வீதிகளை ஒரு முறையாவது கொடுங்கள். தெற்கு மாட வீதியில் காய்கறிக் கடை, நடக்க இடம், வண்டி மூன்றும் தினமும் பேரம் பேசுகின்றன. பங்குனியில் தேர் நான்கு வீதியும் சுற்றும், அறுபத்துமூவர் அன்று தெரு முழுக்க ஜனம். அங்கே நிரந்தர போலார்டு, தாழ்ந்த பந்தல், நடுவில் மரம் எதையும் வைக்க முடியாது. கழற்றி மாட்டும் சாக்கெட், தேர்ச் சக்கரம் ஏறினாலும் உடையாத மூடி என்று யோசித்தாக வேண்டும். வருடத்தில் பத்து நாளுக்காக மற்ற நாட்களின் டிசைன் மாறுவதைக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை.

---

பூவரசு பதில்:

மரமும் வியாபாரியும் விட்டுப்போச்சு. ரெண்டும் கடைசியில் "மிச்ச இடத்துல" என்று வருவதுதான் இங்கே வழக்கமான குறை.

2016 டிசம்பர் 12 வர்தா புயலில் தெருத்தெருவாக மரம் சாய்ந்தது. குல்மோஹர், இயல்வாகை மாதிரி சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் முறியும் வகை ஒரு காரணம். இன்னொரு காரணம் நாமே: வடிகாலுக்கும் கேபிளுக்கும் ஒரு பக்க வேரை வெட்டி, அடிமரம்வரை கான்கிரீட் போட்டு மூடினால் மரம் ஒற்றைக் காலில் நிற்கிறது. டிராயிங்கில் இரண்டு வரி எழுதுங்கள். அடிமரத்திலிருந்து 2 மீட்டருக்குள் ஜேசிபி கூடாது, கையால் தோண்ட வேண்டும். அடிமரத்தைச் சுற்றி மண்மட்டத்தை உயர்த்தக் கூடாது. தரைமட்டம் சொன்ன அந்த 300 மிமீ ஸ்லாப் மரத்துக்கும் எதிரி, தண்டைப் புதைத்து அழுக வைக்கும்.

புதுக் குழி குறைந்தது 1.2 மீட்டர் சதுரம், ஆழம் 1.2, மேலே மண் திறந்தே இருக்க வேண்டும். புங்கம், பூவரசு, வேம்பு, மகிழம். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்காற்றும் மணலும் உள்ள இடத்தில் புன்னை. மெதுவாகத்தான் வளரும், ஆனால் நிற்கும். மரத்துக்கு மரம் 8 முதல் 10 மீட்டர், விளக்குக் கம்பம் நடுவில். விளக்கும் மரமும் ஒரே புள்ளியில் விழுந்தால் மூன்றாம் வருடம் வெட்டப்படுவது மரம்தான். இரண்டு பேரும் வேறு வேறு தாளில் வரைவதால் நடக்கிறது இது.

வியாபாரிகளுக்கு 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. சர்வே முடித்துச் சான்று கொடுக்கும்வரை அகற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். டிசைனுக்கு முன்பே அந்தக் குழுவில் பேசிவிடுங்கள். ஒரு தள்ளுவண்டி சுமார் 1.2க்கு 1.8 மீட்டர், வாங்குபவர் நிற்க 900 மிமீ. இதைக் கழித்த பிறகு 1.8 மீட்டர் தெளிவாக நடக்க மிச்சம் இருக்கிறதா என்று ஒவ்வொரு செக்‌ஷனிலும் பாருங்கள். பூக்கடைக்கு நிழலும் தண்ணீரும், டிபன் வண்டிக்குக் கழிவுநீர் விடும் இடமும் வேண்டும். கழிவுநீருக்கு இடம் வரையவில்லை என்றால் அது மழைநீர் வடிகாலுக்குள் போகும், எண்ணெய் உறைந்து அக்டோபரில் அடைக்கும்.

தி.நகர் பாண்டி பஜார் நடைபாதை பிளாசா 2019 நவம்பரில் திறந்தது. மாணவர்களோடு போகும்போது கல்லை மட்டும் பார்க்காமல் இவற்றை எல்லாம் அங்கே நின்று அளந்து பாருங்கள்: எந்த பெஞ்சில் மதியம் ஆள், எந்த இடத்தில் பைக் ஏறுகிறது, எந்த மரக்குழியில் மண் இறுகிவிட்டது.

---

கோட்டுச்சுவர்:

எல்லாருக்கும் நன்றி. ஆட் செமஸ்டர் மட்டும்னு கல்லூரியில் சொல்லிடறேன். கடைசியா ஒண்ணு: தரைமட்டம் அண்ணா, ரோட்டை மறுபடி போடும்போது கர்ப் உயரம் குறைஞ்சுடுமே, அதுக்கு டிராயிங்கில் என்ன எழுதுவது?

---

தரைமட்டம்:

ஒரு தடவை மேல்பூச்சு 40 மிமீ. சுரண்டாம மூணு தடவை போட்டா 120 போச்சு, 150 கர்ப்ல 30தான் மிச்சம், தண்ணி நேரா வீட்டுக்குள்ள. அதனால முடிஞ்ச ரோடு லெவலை ஒவ்வொரு 20 மீட்டருக்கும் எண்ணாப் போடுங்க. "பழைய தார் அடுக்கை மில்லிங் பண்ணி எடுத்த பிறகே புது அடுக்கு"ன்னு குறிப்பு எழுதுங்க. அப்புறம் அசையாத ரெண்டு இடத்துல, கோயில் படி, பாலத்துக் கைப்பிடிச் சுவர் மாதிரி, பெஞ்ச்மார்க் (லெவல் குறி) வெட்டி அதோட லெவலைத் தாள்லயே கொடுங்க. அடுத்து வர்ற ஏஇ (உதவிப் பொறியாளர்) கையில டேப்பும் அந்தத் தாளும் இருந்தா போதும், அவரே சரிபார்த்துக்கலாம். மேன்ஹோல் மூடியையும் அதே லெவலுக்கு ஏத்தி இறக்கறதைத் தனி அயிட்டமா எஸ்டிமேட்ல போடுங்க. தனி அயிட்டமா இல்லாத வேலையை கான்ட்ராக்டர் செய்ய மாட்டார்.